டிஜே மேடைக்கும் வீட்டு மிக்ஸிங்குக்கும் ஒரே ஹெட்போன் போதுமா?

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வார இறுதியில் கல்யாண ரிசப்ஷன்களில் டிஜே பண்ணுகிறார், மற்ற நாட்களில் வீட்டில் லேப்டாப்பில் பீட் போட்டுப் பாட்டு செய்கிறார். வீட்டுக்குக் கீழே விசைத்தறி ஓடுகிறது. கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. கடையில் 250 ஓம் மாடல் ஒன்றைக் காட்டி, "ஓம் கூடினால் குவாலிட்டியும் கூடும், இன்னும் கொஞ்சம் பணம் போட்டு இதை எடுங்கள்" என்றார்களாம். நண்பர் ஒருவர் ப்ளூடூத்தே போதும் என்கிறாராம். எந்த மாடல் வாங்குவது, முழு மிக்ஸையும் (எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துக் கலப்பதை) ஹெட்போனிலேயே முடிக்கலாமா என்றுதான் தம்பி எழுதியிருக்கிறார். ஆனால் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்க்கவும், பாட்டில் இருப்பதை உள்ளபடி கேட்கவும் ஒரே ஹெட்போன் உதவுமா என்பதுதான் அவருடைய உண்மையான சந்தேகம். சேலம் வட்டாரத்தில் மேடை ஒலி அமைப்பும் ரெக்கார்டிங்கும் பல வருடமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரே ஹெட்போன் இரண்டு வேலையும் செய்யும். ஆனால் இரண்டையும் ஒரே அளவுக்கு நன்றாகச் செய்யாது. மண்டபத்தில் வெளிச்சத்தத்தை மறித்து, அடுத்த பாட்டின் தாளத்தைக் காதுக்குள் கொண்டுவர வேண்டும். வீட்டில் குறைந்த சத்தத்தில், மணிக்கணக்காகப் போட்டிருந்தாலும் காது களைக்காமல், எதையும் கூட்டிக் குறைக்காமல் காட்ட வேண்டும். அதனால் பெட்டியில் அச்சடித்த எண்களை விட, நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்களுக்கு மண்டபத்திலும் இரைச்சல், வீட்டிலும் இரைச்சல். அது ஒருவகையில் முடிவை எளிதாக்கிவிடுகிறது. முதலில் வாங்க வேண்டியது காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் மூடிய வகை, அதாவது கிளோஸ்டு பேக்.

மண்டபத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே ஹெட்போன் சரியில்லை என்றால் வேலையே நடக்காது. நம் ஊர் மண்டபங்களில் தரை டைல்ஸ், சுவர் சிமென்ட், கூரை நல்ல உயரம். வந்திருக்கும் கூட்டத்தைத் தவிரச் சத்தத்தை உறிஞ்ச அங்கே ஒன்றும் கிடையாது. டிஜே மேஜையைப் பெரும்பாலும் ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்னாலோ பக்கத்திலோ கிடைத்த சந்தில் போட்டுவிடுவார்கள். ஸ்பீக்கரிலிருந்து ட்ரெபிள் முன்பக்கமாகத்தான் போகும், பேஸ் எல்லாப் பக்கமும் பரவும். ஆகவே பின்னால் நிற்கும் உங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் "தம் தம்" என்ற கலங்கலான பேஸ். மூடிய ஹெட்போன் நடு, உயர் அலைவரிசைகளில் 15 முதல் 20 டெசிபல் வரை மறிக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது மறிப்பது மிகக் குறைவு. எவ்வளவு விலை கொடுத்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. அதனால் அடுத்த பாட்டைக் கியூவில் (கூட்டத்துக்குக் கேட்காமல் ஹெட்போனில் மட்டும்) போட்டு பீட் சேர்க்கும்போது கிக் டிரம்மைத் தேடாதீர்கள். ஹை-ஹாட், கிளாப், ஸ்நேர் போன்ற கூர்மையான தாள ஒலிகளைப் பிடித்துச் சேருங்கள். ஹெட்போன் காப்பாற்றிக் கொடுக்கும் பகுதி அதுதான். டிஜே ஹெட்போனில் பேஸ் அதிகம் இருக்க வேண்டும் என்று பலர் சொல்வதை நான் முழுதாக ஏற்பதில்லை. மண்டபத்தில் பேஸ் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது, தாளத்தின் கூர்மைதான் காதுக்குக் கிடைப்பதில்லை.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். எதிர்ச் சுவரிலோ மண்டபத்தின் நடுவிலோ கட்டிய ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் சத்தம் சுமார் 44 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) பாட்டில் ஒரு பீட் 469 மில்லிசெகண்ட். கிட்டத்தட்ட ஒரு பீட்டில் பத்தில் ஒரு பங்கு பிசகிய தாளத்தோடு நீங்கள் புதுப் பாட்டைச் சேர்க்கப் பார்க்கிறீர்கள். காதில் சரியாக விழும், ஆனால் ஆடுகிறவர்களுக்கு இரண்டு கிக்கும் தனித்தனியாகக் கேட்கும். இதற்கு மருந்து ஹெட்போன் விலையில் இல்லை. மேஜைக்குப் பக்கத்திலேயே சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் கன்ட்ரோலரில் இருக்கும் கியூ-மாஸ்டர் நாபை நடுவில் வைத்து, ஓடும் பாட்டையும் வரப்போகும் பாட்டையும் இரண்டு காதிலும் ஹெட்போனுக்குள்ளேயே கேட்டுச் சேருங்கள். அப்படிக் கேட்பதற்குத்தான் மூடிய வகையின் மறிப்பு முழுதாகப் பயன்படுகிறது.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் ப்ளூடூத் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் தாமதம் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை இருக்கும். 128 பிபிஎம்மில் அது அரை பீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தாமதம் குறைந்த கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) உள்ளவை 40 மில்லிசெகண்ட் அளவுக்கு இறங்கும், ஆனால் அனுப்பும் கருவியும் அதே கோடெக்கை ஆதரிக்க வேண்டும். கீபோர்டில் ஒரு நோட் அழுத்தி அது பிறகு கேட்டால் வாசிக்கவே முடியாது. டிஜேவுக்கும் புரொடக்ஷனுக்கும் வயர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரைச்சலை எதிர்-ஒலி கொண்டு ரத்து செய்யும் நாய்ஸ் கேன்சலிங் வகையும் பயணத்துக்கு அருமை, மிக்ஸிங்குக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் சிப் ஒலியைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், எது உங்கள் பாட்டு எது சிப்பின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ஓம். கடையில் சொன்னது தவறு. ஓம் என்பது ஹெட்போன் மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடையின் அளவு, தரத்தின் அளவு அல்ல. உதாரணத்துக்கு உங்கள் லேப்டாப்போ சின்ன கன்ட்ரோலரோ 1 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்குள் அது சுமார் 31 மில்லிவாட் ஆகப் போகும், 250 ஓமுக்குள் 4 மில்லிவாட்தான் போகும். மற்றதெல்லாம் சமம் என்றால் சத்தம் சுமார் 9 டெசிபல் குறையும். மண்டபத்தில் அந்த 9 டெசிபல் இல்லாமல் நீங்கள் நாபை முழுக்கத் திருகிவிட்டு, ஒலி உடைந்து கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஒரே மாடலை 32, 80, 250 ஓம் என்று மூன்றாக விற்றிருக்கிறார்கள். வெவ்வேறு கருவிகளோடு இணைப்பதற்காக அப்படிப் பிரித்திருக்கிறார்களே ஒழிய, ஒன்றை விட ஒன்று உசத்தி என்பதற்காக அல்ல. 250 ஓம் வாங்குகிறவர் நல்ல ஹெட்போன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு 30 முதல் 80 ஓம் வரை உள்ளது சரி. ஓமோடு சென்சிட்டிவிட்டி எண்ணையும் (கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) சேர்த்துப் பார்க்க வேண்டும், அது டெசிபலில் போட்டிருக்கும். ஆனால் சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்கும் சில கம்பெனிகள் வோல்ட்டுக்கும் கணக்குச் சொல்வதால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

பெட்டியில் "5 முதல் 35,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருப்பதையும் தள்ளிவிடலாம். அந்த எல்லைகளில் எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. "ஃபிளாட்" என்பதையும் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், அது 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும். ஹெட்போன் அதைக் கணக்கில் எடுத்துத்தான் வடிவமைக்கப்படுகிறது, ஆகவே அளந்து பார்த்தால் எந்த நல்ல ஹெட்போனும் நேர்கோடாக இருக்காது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவ் குழுவினர் பலரைக் கேட்க வைத்துச் செய்த ஆய்வுகளில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ அதற்குப் பக்கத்தில் வரும் ஹெட்போனையே பெரும்பாலானோர் விரும்பினார்கள். ஆனால் காது வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். என் காதில் கூர்மையாகக் குத்தும் ட்ரெபிள் உங்களுக்கு அளவாக இருக்கலாம். இதை எழுத்தில் தீர்க்க முடியாது, போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது வீடு. தறிக்கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். மாடிக்கு வரும்போது அதன் "சடக் சடக்" கொஞ்சம் வடிகட்டப்பட்டு, தளம் வழியாக அதிர்வாக ஏறும். மேல் பகுதியை மூடிய ஹெட்போன் மறித்துவிடும், தளம் வழியாக வரும் அடிச்சத்தத்தை மறிக்காது. அது உங்கள் பாட்டின் பேஸோடு கலந்து, பேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று ஏமாற்றும். அதனால் பீட் அமைப்பது, ஒலிகளைத் தேர்ந்தெடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாவற்றையும் தறி ஓடும்போது செய்யுங்கள். பேஸ் அளவை முடிவு செய்வதை மட்டும் தறி நிற்கும் நேரத்துக்கு வையுங்கள். கரண்ட் போனால் தறி நின்றுவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஒலி வேலைக்கு அதைவிட நல்ல நேரம் அந்தத் தெருவில் கிடைக்காது. பாடகரை வைத்துக் குரல் பதிவு செய்வதென்றாலும் மூடிய வகைதான், திறந்த வகையில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும்.

திறந்த வகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புரொடக்ஷனுக்கு அதுதான் சிறந்தது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது உண்மைதான். கிண்ணத்தின் பின்பக்கம் திறந்திருப்பதால் ஒலி உள்ளே முட்டித் திரும்புவதில்லை, பேஸ் வீங்குவதில்லை, காது சூடாவதில்லை. ஆனால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் தங்கி இசையமைக்கும் ஒருவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு திறந்த வகையைச் சொல்வேன். இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே பூச்சிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அம்மாப்பேட்டையில் தறிக்கு மேல் உட்கார்ந்திருப்பவருக்கு அதே ஹெட்போன் வீண் செலவு. பிறகு வருமானம் வந்து, அமைதியான அறை அமையும்போது இரண்டாவதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

முழு மிக்ஸையும் ஹெட்போனிலேயே முடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொழிலில் இருப்பவர்களே இதில் ஒத்துப்போக மாட்டார்கள். முடிக்கலாம் என்பது என் கருத்து, ஆனால் அது எங்கெங்கே ஏமாற்றும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் போகும், ஹெட்போனில் போகாது. அதனால் இடது வலது பிரிப்பு ஹெட்போனில் மிகையாகத் தெரியும். ரிவெர்ப் (எதிரொலிப்பு) வால் வரை துல்லியமாகக் கேட்பதால் நாம் அதைக் குறைத்தே போடுவோம், ஸ்பீக்கரில் பாட்டு வறண்டு கேட்கும். பேஸை உடம்பு உணராததால் கூட்டிப் போடத் தோன்றும். இதையெல்லாம் விட நம் ஊருக்கு முக்கியமானது மோனோ, அதாவது இடது வலது இரண்டையும் கூட்டி ஒரே ஒலியாக ஓட்டுவது. மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சவுண்ட் சிஸ்டத்தைப் பெரும்பாலும் மோனோவாகத்தான் ஓட்டுகிறோம். ஸ்டீரியோ அகலத்தைக் கூட்டும் பிளக்-இன் மென்பொருள் போட்டு, ஹெட்போனில் தலையைச் சுற்றிப் பறக்கும் ஒரு சின்த் (சின்தசைசர்) ஒலியோடு ஒரு தம்பி டிராக் கொண்டு வந்தார். என் மிக்சரில் மோனோவாக ஓடியதும் அந்தச் சின்த் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. இடது பக்கமும் வலது பக்கமும் நேர் எதிர் கட்டத்தில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி) இருந்தன, இரண்டையும் கூட்டியதும் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் மாஸ்டரை (முழுப் பாட்டின் இறுதி ஒலியை) ஒருமுறை மோனோவில் போட்டுக் கேளுங்கள். கடைசியில் ஃபோன் ஸ்பீக்கரிலும் காரிலும் கேளுங்கள், உங்கள் ஹெட்போன் எங்கே கூட்டுகிறது, எங்கே குறைக்கிறது என்று சில பாட்டுகளிலேயே பிடிபட்டுவிடும்.

கேட்கும் அளவையும் மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகத்தான் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். முழுச் சத்தத்தில் மிக்ஸ் செய்தால் பேஸ் நிறைவாகத் தெரியும், மறுநாள் காலையில் மெதுவாகக் கேட்டால் பாட்டு மெலிந்திருக்கும். பேச்சுக் குரல் அளவு ஒன்றை வைத்துக்கொண்டு பெரும்பாலும் அதிலேயே வேலை செய்யுங்கள்.

மாடல் பெயர் கேட்டீர்கள். உங்கள் பட்ஜெட்டை ஒட்டி, இரண்டு வேலைக்கும் நடுவில் நிற்பதில் நான் முதலில் சொல்வது ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ். 35 ஓம், கிண்ணம் திரும்பும், ஒரு காதில் வைத்துக் கேட்கலாம், வயர் கழற்றி மாட்டக்கூடியது. மேடை வேலையில் முதலில் போவது வயர்தான், அதனால் இதை நான் பெரிதாக நினைக்கிறேன். சோனி எம்டிஆர்-7506 ரெக்கார்டிங் உலகில் 1991 முதல் ஓடுகிறது, 63 ஓம், பிசிறு, மூச்சு, கிளிக் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் ட்ரெபிள் தூக்கல், வயரைக் கழற்ற முடியாது. வருமானத்தில் பெரும் பங்கு டிஜேவிலிருந்துதான் என்றால் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து சென்ஹைசர் எச்டி 25 பாருங்கள். 1988-ல் வந்த வடிவம், 70 ஓம், வயரை விட்டுவிட்டால் எடை 140 கிராம்தான். காதின் மேல் அழுத்தி உட்கார்ந்து நன்றாக மறிக்கும், கிட்டத்தட்ட ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்கும், திருப்புளி இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். அதே அழுத்தத்தால் வீட்டில் மூன்று மணி நேரம் மிக்ஸ் செய்ய அது வசதிப்படாது. விலைகள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் நான் எண் சொல்லவில்லை. இந்த மாடல்களுக்கெல்லாம் போலிகள் சந்தையில் இருக்கின்றன, வழக்கத்தை விடப் பாதி விலையில் கிடைத்தால் விட்டுவிடுங்கள், ஜிஎஸ்டி பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டு, இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் குதித்து ஏறினால் உங்கள் தலையில் அது சரியாக மூடவில்லை என்று அர்த்தம். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதின் மேல் இருக்கும் காம்பு ஒரு சின்ன இடைவெளி விடும், அந்த வழியாகத்தான் பேஸ் ஓடிவிடும். கம்மல், தோடு, அடர்ந்த முடி எல்லாமே இதைச் செய்யும். பிறகு ஒரு தனிக்குரல் பாட்டை மோனோவில் போடுங்கள், குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த ஜோடியை எடுக்காதீர்கள். வயரைப் பிளக் அருகிலும் கிண்ணம் அருகிலும் மெல்ல மடக்கிப் பாருங்கள், கரகரப்பு வரக் கூடாது.

சேலம் வெயிலில் ரெக்சின் பேட் வியர்வையில் சீக்கிரம் செதில் செதிலாக உரியும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், வண்டி டிக்கியில் விட்டுவிடாதீர்கள். பேட் அமுங்கிப்போனால் ஒலியும் மாறும், காதுக்கும் உள்ளே ஒலி எழுப்பும் டிரைவருக்கும் இடையிலான தூரமும் அடைப்பும் மாறிவிடுவதால். பேட் மாற்றுவதைச் செலவாக நினைக்காமல் பராமரிப்பாக நினையுங்கள். புது ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திருந்தும் என்று சொல்வார்கள், அதற்கு நம்பத்தக்க ஆதாரம் நான் பார்த்ததில்லை. பேட் உங்கள் தலைக்குப் பழகுவதும் உங்கள் காது அதற்குப் பழகுவதும்தான் அந்த மாற்றத்தில் பெரும்பகுதி என்று நினைக்கிறேன். ஹெட்போன் ஒலியைச் சமன்படுத்தும் மென்பொருள்கள் உதவுகின்றன, ஆனால் உங்கள் கையில் இருக்கும் ஜோடியும் அவர்கள் அளந்த ஜோடியும் கொஞ்சம் வேறுபடலாம். முதல் வருடம் அது இல்லாமலே பழகுங்கள்.

காதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வராது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு, ஒரு நாளில் 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மண்டபத்தில் மேஜைப் பக்கம் 100 என்பது சாதாரணம், அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று கியூவை ஏற்றினால் கணக்கு நிமிடங்களுக்கு வந்துவிடும். நல்ல மறிப்பு உள்ள ஹெட்போனுக்கு நான் பணம் போடச் சொல்வதன் முதல் காரணமே இதுதான், கியூவைக் குறைத்து வைத்து வேலை செய்யலாம். சேர்க்கும்போது மட்டும் காதில் வையுங்கள், மற்ற நேரம் கழுத்தில் கிடக்கட்டும். கியூ கேட்காத காதில் இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் போடுங்கள். வீட்டுக்குப் போனபின் காதில் "கொய்ங்" என்ற சத்தம் நிற்காமல் இருந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது, அடுத்த நாளும் இருந்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கன்ட்ரோலர் என்ன மாடல் என்று எழுதவில்லை. சின்ன கன்ட்ரோலர்களில் 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டும், மண்டபத்தில் வாடகைக்கு வரும் பெரிய மிக்சர்களில் 6.3 மில்லிமீட்டர் சாக்கெட்டும் இருக்கும். திருகி மாட்டும் அடாப்டர் இரண்டு வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள், ஒன்று எப்படியும் எங்கோ மாட்டியபடியே நின்றுவிடும். மாடலையும், கண்ணாடி போடுவீர்களா என்பதையும் எழுதினால், எம்40எக்ஸா எச்டி 25-ஆ என்று இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.